ஜன்னல் இல்லாத வளாகம்

அனந்தகோர் சிஸ்டம்ஸ் விடுதலை அடைந்தது 2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி வளாகத்தின் புல்வெளியில் ஷாமியானா போட்டு, அறுநூறு ஊழியர்களையும் நிற்கவைத்து, நிர்வாக இயக்குநர் இராஜமாணிக்கம் ஆங்கிலத்தில் அதை அறிவித்தார். இனி நிறுவனத்தின் எந்த மேஜையிலும் விண்டோஸ் இருக்காது, எல்லாக் கணினிகளும் இலவச இயங்குதளமான லினக்ஸில் ஓடும் என்றார்.

"இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியா உலகத்தைப் பார்த்தோம். இன்னைக்கு நாம வெளியவே வந்துட்டோம்" என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சு அவருடைய மடிக்கணினியில் விண்டோஸில் இருந்தது. அந்த மடிக்கணினி மட்டும் 'வாடிக்கையாளர் சந்திப்புக் கருவி' என்று வகைப்படுத்தப்பட்டிருந்ததால் விடுதலைக்குள் வரவில்லை.

கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் டெஸ்மண்ட். நாற்பது வயது, நிறுவனத்தின் சர்வர் நிர்வாகி, ஜீவனஹள்ளிக்காரன். ஐந்து வருஷம் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸைப் போட்டுப் பார்த்ததிலிருந்து அவன் வேறொன்றைத் தொட்டதில்லை. "கல்யாண ஆல்பத்தக் கூட இவர் அந்த சிடி மாதிரித் துடைச்சு வெக்கல" என்று அவன் மனைவி லவினா வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வாள். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், "கடைசியா எங்க கம்பெனிக்கு புத்தி வந்துடுச்சு" என்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தன் மேஜையில் உட்கார்ந்து 'கேப்டனை'த் திறக்கப் போனான். கேப்டன் திறக்கவில்லை.

கேப்டன் என்பது ஒரு வெளிநாட்டு நிறுவனம் விற்ற மென்பொருள். டெஸ்மண்டின் மேஜைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதையாவது நிறுத்த, எழுப்ப, சரிபார்க்க எல்லாவற்றுக்கும் கேப்டன்தான் வேண்டும். முன்பெல்லாம் சர்வர் அருகிலேயே போய் நின்று விசைப்பலகையில் தட்டிவிடலாம். கேப்டன் வந்தபோது தணிக்கைக்காரர்கள் அதைத் தடைசெய்து, விசைப்பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு, கடவுச்சொற்களை உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாற்பத்திரண்டு சர்வர்களும் லினக்ஸ். அவற்றை ஆளும் கேப்டன் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

டெஸ்மண்ட் கேப்டனை விற்ற நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டான். சௌம்யா என்ற பெண் எடுத்தாள். இனிமையான குரல்.

"சார், நம்ம கேப்டன் லினக்ஸை நூத்துக்கு நூறு சப்போர்ட் பண்ணுது."

"என் மேஜையில இருக்கறதும் லினக்ஸ்தான் மேடம். அதுல ஏற மாட்டேங்குது."

"அது டெஸ்க்டாப் சார். ஆளப்படற எடத்துல லினக்ஸ் இருந்தா சப்போர்ட் உண்டு. ஆளற எடத்துல இருந்தா கிடையாது."

"ஏன் மேடம்?"

"டிமாண்டே இல்லையே சார். வருஷா வருஷம் சர்வே எடுக்கறோம். 'என் டெஸ்க்டாப்ல லினக்ஸ் வெச்சிருக்கேன்'னு இன்னைய வரைக்கும் ஒரு கஸ்டமர் சொன்னதில்ல."

"நான் சொல்றேன் மேடம். எழுதிக்குங்க."

"போன்ல சொன்னா கணக்குல வராது சார். லிங்க் அனுப்பறேன், ஃபார்ம் ஃபில் பண்ணிடுங்க."

லிங்க் வந்தது. திறந்தான். 'இந்தப் படிவத்தைக் காண விண்டோஸ் தேவை' என்றது திரை. மறுபடி போன் போட்டான். சௌம்யா சற்றும் அலுத்துக்கொள்ளாமல், விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டிலிருந்து நிரப்பலாமே என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்மண்ட் வளாகத்துக்கு வெளியே ஓசூர் ரோட்டோரம் பச்சைமுத்து வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனான். பிளைவுட் தடுப்பு போட்ட ஆறு கணினிகள், எல்லாம் பழைய விண்டோஸ். படிவம் திறந்தது. முதல் கேள்வி, 'உங்கள் கணினி எது?' பதிலைப் படிவமே கண்டுபிடித்து 'விண்டோஸ்' என்று நிரப்பி, மாற்ற முடியாதபடி சாம்பல் நிறத்தில் வைத்திருந்தது. கீழே 'நன்றி, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று வந்தது. அந்த வருஷமும் லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். விண்டோஸ்காரர்களில் ஒருவர் கூடியிருந்தார்.

இனி ஒரே வழி, தனக்கு ஒரே ஒரு விண்டோஸ் கணினி கேட்பது என்று டெஸ்மண்ட் முடிவுசெய்தான். கேட்கவேண்டிய இடம் நடைமுறைத் துறை. அதன் தலைவர் ஹரிஷ், மைசூர்க்காரர், பெங்களூர்த் தமிழ் நன்றாகவே பேசுவார். வாயிலிருந்து கோபமான சொல் ஒன்று வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

"டெஸ்மண்ட், நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா இங்க பாருங்க" என்று சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் இருந்தது. இந்த வளாகம் நூறு சதவீதம் விண்டோஸ் அற்றது என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. "ஒரு மிஷின் உள்ள வந்தா நூறு போச்சு. அறுநூத்துல ஒண்ணு. தொண்ணூத்தொம்பது பாயின்ட் எட்டுன்னு ஃபிரேம் போட்டு மாட்ட முடியுமா?"

"அப்ப சர்வர் நின்னா என்ன சார் பண்றது?"

"விதிவிலக்குக் குழுவுக்கு எழுதுங்க. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

விதிவிலக்குக் குழு ஏழு வாரம் கூடியது. எட்டாவது வாரம் அனுமதி வந்தது. டெஸ்மண்டுக்கு ஒரு விண்டோஸ் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது வைட்ஃபீல்டில் இருந்தது. அங்கே நிறுவனம் ஒரு சின்ன கிளை வைத்திருந்தது, அதற்குச் சான்றிதழ் வாங்கியிருக்கவில்லை.

டெஸ்மண்டின் நாற்காலியிலிருந்து பதினோராம் எண் சர்வர் எட்டடி தூரம். அதை எழுப்ப அவன் படிவம் எழுதி, ஹரிஷிடம் கையெழுத்து வாங்கி, பஸ் பிடித்து, சில்க் போர்டு நெரிசலில் நின்று, மாரத்தஹள்ளி நெரிசலில் இன்னொரு முறை நின்று, வைட்ஃபீல்டு போய், காவலராக நியமிக்கப்பட்டிருந்த ஹெர்பர்ட் என்பவரிடம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி, கேப்டனை இயக்கி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். நல்ல நாளில் போக மட்டும் இரண்டு மணி நேரம்.

ஹெர்பர்ட்டையே அமுக்கச் சொல்லலாமே என்று ஒருமுறை கேட்டான். ஹெர்பர்ட்டுக்குக் கணினியைப் பாதுகாக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு, தொடும் அதிகாரம் இல்லை. இங்கிருந்தபடியே நெட்வொர்க் வழியாக அந்தக் கணினியின் திரையை என் திரையில் வரவழைத்துக்கொள்கிறேன் என்றான். ஹரிஷ் ஒரு நாள் அவகாசம் எடுத்து யோசித்தார்.

"முடியாது டெஸ்மண்ட். ஜன்னல் அங்கதான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா வெளிச்சம் இங்க விழுதே."

இதையெல்லாம் டெஸ்மண்ட் வேலையின் கோணங்கித்தனம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிச் சிரித்துக் காலத்தை ஓட்டியிருப்பான். பதினோராம் எண் சர்வர்தான் அப்படி விடவில்லை. காக்ஸ் டவுனைத் தாண்டியிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலையெல்லாம் அதில்தான் நடந்தது. எந்த நோயாளிக்கு எப்போது எந்த டயாலிசிஸ் மிஷின் என்பதை அதுதான் ஒதுக்கும். ஒதுக்கியதும் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் ஒரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டோடு போனால்தான் உள்ளே படுக்கவைப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பவர்களில் ஆம்ப்ரோஸும் ஒருவர்.

ஆம்ப்ரோஸ் லவினாவின் அண்ணன். ஐம்பது வயது. சிறுநீரகம் இரண்டும் கைவிடும்வரை ஆஸ்டின் டவுன் மைதானத்தில் கால்பந்து ரெஃபரியாக இருந்தவர். விசில் ஊதியே பழகிய தொண்டை, வீட்டுக்குள் மெதுவாகப் பேசினாலே தெருவில் கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டிலேயே இருந்தார்.

"என்ன மச்சான், உங்க கேப்டன் கிரவுண்டுக்கு வரலைன்னா மேட்சே கிடையாதா?" என்று டெஸ்மண்டைக் கேட்பார். "நானா இருந்தா அந்தாளுக்கு ரெட் கார்டு காட்டி எப்பவோ வெளிய அனுப்பிச்சிருப்பேன் மேன்."

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு லவினா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு அண்ணனோடு போயிருந்தாள்.

"காலையில இருந்து உக்காந்திருக்கோம். சிஸ்டம் டவுன், சீட்டு வரலங்கறாங்க. அண்ணனுக்கு மூச்சு வாங்குது டெஸ்மண்ட்."

டெஸ்மண்ட் திரும்பிக் கண்ணாடிச் சுவரைப் பார்த்தான். பதினோராம் எண்ணில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹரிஷ் கூட்டத்தில் இருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். டெஸ்மண்ட் எழுந்தான், கேப்டனின் சிடியை எடுத்துச் சட்டைக்குள் செருகினான், நேராகப் பச்சைமுத்து கடைக்கு ஓடினான்.

"நாலாம் நம்பர் மிஷின் ஃப்ரீ சார். ஆனா அதுல ஸ்பேஸ் பார் வேலை செய்யாது, பரவால்லயா?" என்றார் பச்சைமுத்து.

இருபது நிமிஷத்தில் கேப்டன் ஏறியது. நிர்வாகிகளுக்கென்று வெளியிலிருந்து உள்ளே வர ஒரு பாதை இருந்தது, அதன் வழியே போனான். பக்கத்துத் தடுப்பில் யாரோ மேட்ரிமோனியல் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, டெஸ்மண்ட் பொத்தானை அமுக்கினான். பன்னிரண்டு நாற்பதுக்கு லவினா மறுபடி கூப்பிட்டாள். சீட்டு வந்துவிட்டது, அண்ணனை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள் என்று அழுதாள். டெஸ்மண்ட் பச்சைமுத்துவிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தான்.

திங்கட்கிழமை அவன்மேல் விசாரணை ஆரம்பமானது. கேப்டன் தன்னை யார் எங்கிருந்து இயக்கினார்கள் என்பதைப் பதிந்துவைக்கும் பழக்கமுள்ளது.

நீள மேஜையின் ஒரு பக்கம் ஹரிஷும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் டெஸ்மண்ட். குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

"சர்வர் மறுபடி ஓடினதுல எங்களுக்கு வருத்தம் இல்ல" என்று ஹரிஷ் ஆரம்பித்தார். "எந்த வழியில ஓடுச்சுங்கறதுதான் விஷயம். அங்கீகாரம் இல்லாத எடம், அங்கீகாரம் இல்லாத விண்டோஸ். ஸ்பேஸ் பார்கூட இல்லையாமே."

"சார், என் மச்சான் அங்க மூச்சு திணறிட்டு இருந்தாரு. நான் வைட்ஃபீல்டு போயிருந்தா செத்துப்போயிருப்பாரு."

"இப்ப உயிரோட இருக்கார் இல்லையா? சந்தோஷம். ஆனா அவர் பிழைச்சது எந்த ஃபார்ம்ல பதிவாயிருக்கு?"

டெஸ்மண்டுக்குக் கேள்வி புரியவில்லை. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"ஆஸ்பத்திரியோட நம்ம அக்ரிமென்ட்ல ஆள் பிழைக்கறதப் பத்தி ஒரு வரி இல்ல டெஸ்மண்ட்" என்று ஹரிஷ் பொறுமையாக விளக்கினார். "சர்வர் பிழைக்கறதப் பத்திதான் இருக்கு. அதுவும் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நேரம்."

"மீதி ஒண்ணு சார்?"

"அது நம்ம உரிமை. அத நீங்க யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தீங்க?"

வேலையை விட்டுவிடலாம் என்று டெஸ்மண்டுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆம்ப்ரோஸின் வைத்தியம் முழுதும் இந்த நிறுவனத்தின் காப்பீட்டில்தான் நடந்தது. மைத்துனரைச் சேர்க்க அவன் ஒன்றரை வருஷம் எழுதிக் கேட்டிருந்தான். இனி நடைமுறையை மீறமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான். வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையை அடைத்துவிடும்படி உத்தரவானது. அதை அடைப்பதும் கேப்டன் வழியாகத்தான் என்பதால் டெஸ்மண்டே பஸ் பிடித்து வைட்ஃபீல்டு போய், தன் கையாலேயே அடைத்துவிட்டு வந்தான்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரில் பந்த். ஆட்டோ, பஸ் எதுவும் ஓடவில்லை, ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் ஆளில்லை. ஆம்ப்ரோஸின் முறை தவறிப்போனது, அடுத்த முறை செவ்வாய்தான். திங்கட்கிழமைக்குள் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் லவினா அவரை ஆட்டோவில் கூட்டிப்போனாள். "இன்னைக்கு ஃபர்ஸ்ட் பேட்ச் நாம்பதான்" என்று ஆம்ப்ரோஸ் போகும்போது சொன்னார். குரல் தெருவுக்குக் கேட்கவில்லை.

ஒன்பது பத்துக்கு, அவருக்குச் சீட்டு வருமுன், பதினோராம் எண்ணில் சிவப்பு விளக்கு எரிந்தது.

டெஸ்மண்ட் படிவத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஹரிஷின் அறை வாசலில் நின்றான். ஹரிஷ் வெளிநாட்டுக்காரர்களோடு தொலைபேசிக் கூட்டத்தில் இருந்தார். கண்ணாடி வழியே டெஸ்மண்டைப் பார்த்து, இரண்டு நிமிஷம் என்று விரல் காட்டினார். பத்து இருபதுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தடவை கரெக்டா வந்தீங்க பாருங்க, அதுதான் டெஸ்மண்ட்" என்று தோளில் தட்டினார்.

பஸ் பச்சைமுத்து கடையைத் தாண்டிப் போனது. கடை திறந்திருந்தது. டெஸ்மண்ட் இருக்கையை விட்டு அரைவாசி எழுந்து, பாதையை அடைத்தது நினைவுவந்து உட்கார்ந்தான். சில்க் போர்டில் நாற்பத்தைந்து நிமிஷம் பஸ் அசையவில்லை. லவினா கூப்பிட்டாள்.

"மிஷின் காலியா இருக்கு டெஸ்மண்ட். கண்ணால பாத்தேன். ரெண்டு மிஷின் சும்மா நிக்குது. சீட்டு இல்லாம படுக்க வெச்சா கம்ப்யூட்டர் ஒத்துக்காதாம். கால்ல விழுந்துட்டேன். இங்க இருக்கறவங்களும் பாவம், என்ன பண்ணுவாங்க. நீ எங்க இருக்க?"

"வந்துட்டிருக்கேன்" என்றான் டெஸ்மண்ட். அவன் ஆஸ்பத்திரியை விட்டு வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.

வைட்ஃபீல்டில் இறங்கியபோது மணி ஒன்று. அறை பூட்டியிருந்தது. ஹெர்பர்ட் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார். நேரம் குறித்த அட்டை கதவில் தொங்கியது. இரண்டு மணிக்கு வந்தார். டெஸ்மண்ட் நிற்கும் நிலையைப் பார்த்துப் பதறிச் சாவி போட்டார், ஆனாலும் பதிவேட்டைத் தவிர்க்கவில்லை. கணினி எழுந்ததும் வைரஸ் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தது. பத்து நாளாக யாரும் தொடாததால் அதற்குத் தேட நிறைய இருந்தது. பாதியில் தன்னைத்தானே அணைத்து மறுபடி எழுந்து, முதலிலிருந்து தேடியது. டெஸ்மண்ட் இரு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். அவன் உதடு அசைந்ததை ஹெர்பர்ட் ஜெபம் என்று நினைத்துத் தானும் தலை குனிந்தார்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கேப்டன் திறந்தது. பொத்தானை அமுக்கினான். பதினோராம் எண் பச்சையானது. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் சீட்டு அச்சாகி வந்தது. ஆம்ப்ரோஸ், மிஷின் எண் ஏழு. கவுன்ட்டர் பெண் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாள். ஆம்ப்ரோஸ் இரண்டே முக்காலுக்கே இறந்துபோயிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து அதே புல்வெளியில் ஷாமியானா போட்டார்கள். அந்தக் காலாண்டின் 'நடைமுறை மாணிக்கம்' விருது டெஸ்மண்டுக்கு. படிவம், கையெழுத்து, பயணம், பதிவேடு எல்லாம் ஒரு இடத்திலும் பிசகாமல் நடந்த ஒரே சம்பவம் அதுதான் என்று தணிக்கைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இராஜமாணிக்கம் அதை மைக்கில் வாசித்தார்.

"ஆறு மணி நேரம் ரெண்டு நிமிஷம். இவர் நினைச்சிருந்தா குறுக்கு வழியில அரை மணி நேரத்துல முடிச்சிருக்கலாம். செய்யல. அந்த அஞ்சரை மணி நேரம்தான் நம்ம கம்பெனியோட பண்பாடு."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தான். கூட்டத்தைப் பார்க்காமல் இராஜமாணிக்கத்தைப் பார்த்து, தமிழிலேயே பேசினான்.

"அந்த அஞ்சரை மணி நேரத்துல நாம ஆம்ப்ரோஸை இழந்துட்டோம் சார். ரெண்டே முக்காலுக்கு."

இராஜமாணிக்கம் நெற்றியைச் சுருக்கினார். சர்வர்களுக்கு ஆள் பெயர் வைப்பது அங்கே வழக்கம். சர்வர் அறையில் அப்போதே ஒரு நளனும் இரண்டு கர்ணன்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"அடடா. பேக்கப் எடுத்து வெக்கலியா?"

"இல்ல சார். ஒண்ணுதான் இருந்துச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"கல்பள்ளியில சார்."

மேடையில் இருந்தவர்களில் ஹரிஷுக்கு மட்டும் ஆம்ப்ரோஸ் யார் என்று தெரியும், கல்பள்ளி கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இராஜமாணிக்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"கல்பள்ளியில நமக்கு டேட்டா சென்டர் இருக்கா ஹரிஷ்? எனக்குச் சொல்லவே இல்லையே. எப்படி, நல்லா போகுதா அங்க?"

டெஸ்மண்ட்தான் பதில் சொன்னான்.

"அங்க இருந்து இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்கூட வந்ததில்ல சார்."

"பாத்தீங்களா, அதுதான் நமக்கு வேணும்" என்று இராஜமாணிக்கம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஹரிஷ், நோட் பண்ணுங்க. படிப்படியா எல்லாத்தையும் அங்க மாத்திடலாம்."

டெஸ்மண்ட் கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி, வாசல் செக்யூரிட்டி மேஜையில் அடையாள அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓசூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் போய் நின்றான். அங்கேயும் கைதட்டல் கேட்டது. ஹரிஷ் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, கல்பள்ளி என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.